மீடியம் ஃபார்மேட் கேமராவில் லைவ் வியூவும் ஃப்ரேம் ஆவரேஜிங்கும்: முழுமையான வழிகாட்டி

ஃப்ரேம் ஆவரேஜிங் என்பது ஒரே காட்சியை ட்ரைபாடில் நிறுத்தி அடுத்தடுத்துப் பல முறை பதிவு செய்து, ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் கூட்டி ஃப்ரேம் எண்ணிக்கையால் வகுப்பது. வேலை அவ்வளவுதான். அதில் கிடைப்பவை இரண்டு: நிழல்களில் நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) இறங்குகிறது, ஓடும் நீரும் நகரும் மேகமும் நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்ததுபோல் மழுங்குகின்றன. ஒளியைக் குறைக்கும் கன்னங்கரிய 10 ஸ்டாப் என்டி ஃபில்டரும் வேண்டாம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி), அது பூசும் நிறச் சாயலும் வேண்டாம்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆவரேஜிங் வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. 64 ஃப்ரேம் எடுத்தாலும் முடிவுப் படத்தின் பிரகாசம் ஒரு ஃப்ரேமின் பிரகாசமே. ஒரு ஃப்ரேமில் வெந்துபோன ஹைலைட் (விவரமே இல்லாமல் வெளுத்துவிட்ட பிரகாசமான பகுதி) 64 ஃப்ரேமிலும் வெந்துதான் இருக்கும். ஆகவே ஹைலைட்டைத் தீர்மானிப்பது ஒற்றை ஃப்ரேமின் எக்ஸ்போஷர். நிழலின் சுத்தத்தைத் தீர்மானிப்பது ஃப்ரேம் எண்ணிக்கை. அசைவு எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது மொத்த நேரம். இந்த மூன்றையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். மூன்றையும் ஷட்டரைத் தொடும் முன்பே லைவ் வியூவில், அதாவது சென்சார் பார்ப்பதை நேரடியாகக் காட்டும் திரையில், பார்த்து முடிவு செய்துவிடலாம்.

எந்தக் கேமராவில் எப்படி

மீடியம் ஃபார்மேட் என்பது 35 மி.மீ. ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார் கொண்ட கேமரா. ஃபேஸ் ஒன் ஐக்யூ4 150 மெகாபிக்சல் பேக்கில் (கேமராவின் பின்னால் மாட்டும் சென்சார் பகுதி) இது உள்ளேயே இருக்கிறது. எலக்ட்ரானிக் ஷட்டரில் தொடர்ந்து பதிவு செய்து, சராசரியைக் கணக்கிட்டு, ஒரே ஒரு ரா கோப்பாக (சென்சாரின் மூல மதிப்புகள்) தருகிறது. 150 மெகாபிக்சல் கோப்புகளை நூற்றுக்கணக்கில் சுமக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய நிம்மதி.

ஃபூஜிஃபில்மின் ஜிஎஃப்எக்ஸ்100எஸ் போன்றவற்றில் மல்டிபிள் எக்ஸ்போஷர் வசதிக்குள் ஆவரேஜ் என்ற முறை உண்டு. உச்சவரம்பு 9 ஃப்ரேம். நாய்ஸுக்கு 9 ஃப்ரேம் நல்ல உதவிதான். நீண்ட எக்ஸ்போஷர் தோற்றத்துக்கு அது போதாது: மேகம் ஒன்பது நகல்களாக அடுக்கி வைத்ததுபோல் தெரியும். அதற்குத் தொடராக எடுத்துக் கணினியில் சராசரி எடுப்பதே வழி. உள்ளமைந்த வசதி இல்லாத எல்லாக் கேமராக்களுக்கும் இதே வழிதான்.

பழைய சிசிடி வகைச் சென்சார் பேக்குகளை இதற்கு நினைக்கவே வேண்டாம். அவற்றின் லைவ் வியூ பெயரளவுக்குத்தான். 2014இல் சோனியின் 50 மெகாபிக்சல் சிமாஸ் சென்சார் ஐக்யூ250, பென்டாக்ஸ் 645இசட் போன்றவற்றில் வந்த பிறகுதான் மீடியம் ஃபார்மேட்டில் லைவ் வியூவை நம்பி ஃபோகஸ் வைக்க முடிந்தது.

பிக்சல் ஷிஃப்ட் வேறு, இது வேறு. பிக்சல் ஷிஃப்டில் சென்சார் நகர்ந்து நகர்ந்து எடுக்கிறது. ரெசொல்யூஷனும் நிறத் துல்லியமும் கூடும், ஆனால் ஓர் இலை அசைந்தாலும் படம் கெடும். ஆவரேஜிங்கில் ரெசொல்யூஷன் ஏறாது. அசைவை அது பொறுத்துக்கொள்ளும். சொல்லப்போனால் பல நேரம் அசைவுக்காகத்தான் அதைச் செய்கிறோம்.

எத்தனை ஃப்ரேமுக்கு எவ்வளவு பலன்

நாய்ஸ், ஃப்ரேம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும். 4 ஃப்ரேம் எடுத்தால் நாய்ஸ் பாதி, அதாவது நிழலில் 1 ஸ்டாப் லாபம். 16க்கு 2 ஸ்டாப், 64க்கு 3, 256க்கு 4. 9 ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 1.6 ஸ்டாப். முதல் 16 ஃப்ரேம் தரும் 2 ஸ்டாப்பை இன்னொரு முறை பெற மொத்தம் 256 எடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நாய்ஸ் மட்டுமே கவலை என்றால் 16இல் நிறுத்திவிடலாம். இந்தச் சென்சார்களின் நிழல்கள் ஏற்கெனவே சுத்தமானவை.

இதன் உண்மையான பயன் ஹைலைட்டைக் காப்பதில்தான் இருக்கிறது. வழக்கமான எக்ஸ்போஷரைவிட 2 ஸ்டாப் குறைத்து எடுங்கள். வானம், நுரை, விளக்கு எல்லாம் பத்திரமாக இருக்கும். 16 ஃப்ரேமின் சராசரியை ரா மென்பொருளில் 2 ஸ்டாப் ஏற்றினால், குறைக்காமல் எடுத்த ஒற்றைப் படத்தின் நிழல் அளவுக்கே சுத்தமாக இருக்கும். பிராக்கெட்டிங் செய்து, அதாவது வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து, ஒட்டும்போது விளிம்புகளில் வரும் பேய்க்கோடுகள் இதில் இல்லை.

ட்ரைபாடும் அதைச் சுற்றியுள்ளவையும்

150 மெகாபிக்சல் பேக்கிலும் 100 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ்2டி கேமராக்களிலும் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான். 80 மி.மீ. லென்ஸில் அது ஏறக்குறைய 10 வில்விநாடிக் கோணம். ஒரு மில்லிமீட்டர் அகலப் பொருள் 20 மீட்டர் தொலைவில் இருந்தால் உண்டாக்கும் கோணம் அது. ட்ரைபாடின் ஒரு கால் மணலில் மெல்ல இறங்கினால் நான்கு நிமிடத்தில் பல பிக்சல் நகர்ந்துவிடும். உள்ளமைந்த ஆவரேஜிங்கில் இதை ஈடுகட்ட வழியே கிடையாது. படம் முழுக்க மென்மையாகிவிடும், காரணமும் பிடிபடாது.

மணலிலும் ஈரமண்ணிலும் கால்களை அழுத்திப் பதித்துவிட்டு ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள், காற்றில் அது கேமராவை ஆட்டும். உடலுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். ட்ரைபாடில் அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாற வாய்ப்பு உண்டு. மரப்பாலத்திலும் மேடையிலும் ஆவரேஜிங் செய்யும்போது நீங்களும் அசையக் கூடாது.

லைவ் வியூவில் ஃபோகஸ்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 11648 பிக்சல் அகலமுள்ள படம் 1024 பிக்சல் அகலமுள்ள பின்திரையில் காட்டப்படும்போது, திரையின் ஒரு பிக்சலுக்குள் படத்தின் பதினோரு பிக்சல் அடங்கிவிடுகிறது. அந்தப் பதினொன்றுக்குள் எவ்வளவு மங்கல் இருந்தாலும் திரை பளிச்சென்றே தெரியும். முழுக் காட்சியில் ஃபோகஸ் பீக்கிங் (கூர்மையான விளிம்புகளை வண்ணத்தில் மின்னக் காட்டும் வசதி) போட்டால் முன்புறம் முதல் பின்புறம் வரை எல்லாம் மின்னுவதன் காரணம் இதுதான். பீக்கிங்கை இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள், முடிவை 100 சதவீதப் பெருக்கத்தில் எடுங்கள்.

1. கேமராவை நிலை பார்த்து ஃப்ரேமை முடிவு செய்யுங்கள். சாய்வு, நகர்வு எல்லாம் ஃபோகஸுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

2. ஆட்டோஃபோகஸை மேனுவலுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் தொடரின் நடுவில் கேமரா தானாக ஃபோகஸ் தேடக்கூடும்.

3. எடுக்கப்போகும் அபர்ச்சரிலேயே ஃபோகஸ் வையுங்கள். பல லென்ஸ்களில் அபர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸ் தளம் சற்றே நகரும். எஃப்/4இல் வைத்து எஃப்/11இல் எடுத்தால் அந்த வித்தியாசம் 3.76 மைக்ரான் பிக்சலில் தெரிந்துவிடும். இருட்டில் திரை நாய்ஸால் நிரம்பினால் ஒரு ஸ்டாப் திறந்து வையுங்கள், முழுதாகத் திறக்காதீர்கள்.

4. 100 சதவீதத்துக்குப் பெருக்கி, கூர்மை தெரியும் இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபக்கமும் தாண்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கல் தெரியும் நிலைகளின் நடுவே நிறுத்துங்கள். கூர்மை உச்சத்தைக் கண்ணால் பிடிப்பதைவிட மங்கல் சமமாவதைப் பிடிப்பது எளிது. திருகு ஃபோகஸ் லென்ஸில் கடைசி அசைவு எப்போதும் ஒரே திசையில் இருக்கட்டும். மறையில் உள்ள தளர்வு அப்போது உங்களை ஏமாற்றாது.

5. நடுவில் பார்த்ததோடு விடாமல் நான்கு மூலைகளுக்கும் பெருக்கத்தை நகர்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் டில்ட் (லென்ஸின் சாய்வு) பூஜ்யத்தில் இல்லை, அல்லது பேக் சரியாக உட்காரவில்லை.

6. பெருக்கிய நிலையிலேயே 20 விநாடி கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். காட்சி நடுங்கினால் அந்த நடுக்கம் சராசரிப் படத்தில் மங்கலாக வரும். காற்றை மறைக்க வழி பாருங்கள், இல்லையேல் கேமராவைத் தாழ்த்துங்கள்.

அபர்ச்சர் விஷயத்தில் ஒரு வார்த்தை. பச்சை ஒளிக்கு டிஃப்ராக்ஷன் (சிறு துளையில் ஒளி விரிந்து மங்குவது) வட்டத்தின் விட்டம் எஃப்/8இல் 10.7 மைக்ரான், எஃப்/11இல் 14.8, எஃப்/16இல் 21.5. கடைசியானது ஐந்தாறு பிக்சல் அகலம். ஷட்டரை நீட்டுவதற்காக எஃப்/16, எஃப்/22 என்று மூடுவது என்டி ஃபில்டர் காலத்துப் பழக்கம். ஆவரேஜிங்கில் நேரத்தை ஃப்ரேம் எண்ணிக்கையால் நீட்டுகிறோம், ஆகவே எஃப்/8 முதல் எஃப்/11 வரை நிம்மதியாக இருக்கலாம்.

லைவ் வியூவில் எக்ஸ்போஷர்

எக்ஸ்போஷர் சிமுலேஷன் (எக்ஸ்போஷரைத் திரையிலேயே காட்டும் வசதி) இயங்கட்டும். ஆனால் திரையில் வரும் ஹிஸ்டோகிராம் (பிரகாசப் பரவலின் வரைபடம்) பெரும்பாலும் கேமரா சமைத்த ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருவது, ராவிலிருந்து அல்ல. கான்ட்ராஸ்ட் அதிகமுள்ள பிக்சர் ஸ்டைல் போட்டிருந்தால் ஹைலைட் முன்கூட்டியே வெந்ததாகப் பொய் சொல்லும்; வைட் பேலன்ஸும் சிவப்பு, நீல வரைகளைத் தள்ளிக் காட்டும். கான்ட்ராஸ்ட் குறைந்த ஸ்டைலைத் தேர்ந்து, வைட் பேலன்ஸை நிலையான மதிப்பில் பூட்டிவிட்டு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

காட்சியில் வரக்கூடிய மிகப் பிரகாசமான கணத்துக்காகக் காத்திருங்கள். அலை உடைந்து நுரை பறக்கும் கணம், மேகம் விலகி வெயில் விழும் கணம். அந்தக் கணத்தில் ஹைலைட் வேகாத ஷட்டர் வேகத்தை எடுத்து, அதிலிருந்து இன்னும் 2/3 ஸ்டாப் குறையுங்கள். தொடர் சில நிமிடம் ஓடும்போது வெளிச்சம் ஏறினால் அந்த இடைவெளி காப்பாற்றும். ஒரு ஃப்ரேம் எடுத்து ரா மென்பொருளில் திறந்து உறுதி செய்துகொண்டால் இன்னும் நல்லது.

ஐஎஸ்ஓ அடிப்படை மதிப்பில் இருக்கட்டும்: ஐக்யூ4இல் 50, எக்ஸ்2டியில் 64, ஜிஎஃப்எக்ஸ்100எஸ்ஸில் 100. உள் அரங்கில் மின்விளக்கின் கீழ் எடுத்தால் எலக்ட்ரானிக் ஷட்டரில் வரிவரியாகப் பட்டை விழும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50, 1/25 போன்ற வேகங்களும், 60 ஹெர்ட்ஸில் 1/60, 1/30ம் இதைக் குறைக்கும். மிச்சப் பட்டை ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடத்தில் விழுவதால் சராசரியில் கரைந்துபோவது ஆவரேஜிங்கின் எதிர்பாராத வரம்.

எல்லாம் முடிந்ததும் லைவ் வியூவை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். லைவ் வியூ சென்சாரைச் சூடாக்கும்; ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் ஏறினால் டார்க் கரண்ட் (ஒளியே இல்லாமல் வெப்பத்தால் சேரும் சிக்னல்) இரட்டிப்பாகும். அப்போது வெளிச்சப் புள்ளியாக நிற்கும் ஹாட் பிக்சல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதே இடத்தில் வருவதால் சராசரி அதைத் தொடாது.

மொத்த நேரம்: நீர், மேகம், மனிதர்கள்

இரண்டு ஃப்ரேமுக்கு இடையே சென்சாரைப் படித்து முடிக்க ஆகும் நேரத்தில் கேமரா குருடு. அந்த இடைவெளியை நீங்களே அளந்துகொள்ளலாம்: 20 ஃப்ரேம் எடுத்து மொத்த நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள், 20 எக்ஸ்போஷர்களின் கூட்டுத்தொகையைக் கழியுங்கள், மிச்சத்தை 19ஆல் (20 ஃப்ரேமுக்கு நடுவே 19 இடைவெளி) வகுங்கள்.

இந்த இடைவெளியைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். ஓடும் நீரில் அது பொருட்டே இல்லை. அலையின் தோற்றம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தொடர்பில்லாமல் மாறுவது. 1/30 விநாடியில் 120 ஃப்ரேம் எடுத்தால், நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தாலும் நீரின் கரடுமுரடு ஏறக்குறைய 11இல் ஒரு பங்காகக் குறைந்து பட்டுபோல் ஆகிவிடும். அங்கே கணக்கு எண்ணிக்கையில்தான்.

பாதை பிடித்து நகரும் பொருள்களில்தான் இடைவெளி தெரியும்: வாகன விளக்கு புள்ளிக்கோடாகும், நட்சத்திரம் துண்டு துண்டாகும். 80 மி.மீ. லென்ஸில் ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய 0.65 விநாடியில் ஒரு பிக்சல் கடந்துவிடும். இத்தகைய காட்சிக்கு ஒவ்வொரு ஃப்ரேமின் எக்ஸ்போஷரும் இடைவெளியைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். வெளிச்சம் அதற்கு இடம் தராவிட்டால் 3 ஸ்டாப் என்டி ஒன்று போதும்.

மேகத்துக்கு லைவ் வியூவையே அளவுகோலாக்கலாம். 100 சதவீதப் பெருக்கத்தில் மேகத்தின் ஒரு விளிம்பைப் பிடித்து, அது திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 1024 பிக்சல் திரையைக் கடக்க 20 விநாடி என்றால் மேகம் விநாடிக்கு 51 பிக்சல் நகர்கிறது. 0.5 விநாடி இடைவெளியில் அது 25 பிக்சல். மேக விளிம்பே அதைவிட மென்மையானது, ஆகவே படிக்கட்டுத் தடம் தெரியாது. இனி மொத்த நேரம். 240 விநாடி எடுத்தால் மேகம் 12,000 பிக்சலுக்கு மேல் இழுபடும், அது படத்தின் அகலத்தைவிட அதிகம். வானம் சாம்பல் பூசிய சுவர்போல் ஆகிவிடும். 60 விநாடி எடுத்தால் 3,000 பிக்சல், கால் படம் நீளக் கீற்றுகள். இருபது விநாடி எண்ணியதில் நான்கு நிமிடம் மிச்சம், படமும் பிழைத்தது.

மனிதர்கள் நடமாடும் கட்டடக் காட்சியில் வேறு கணக்கு. 1 விநாடி ஃப்ரேம்கள் 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருண்ட சுவருக்கு முன்னால் ஒருவர் வெள்ளைச் சட்டையில் கடக்கிறார், சட்டை சுவரைவிட 4 ஸ்டாப், அதாவது 16 மடங்கு பிரகாசம். ஒரு புள்ளியை அவர் ஒரே ஃப்ரேமில் மறைத்தால் அந்த இடத்தின் மதிப்பு 63 பங்கு சுவரும் 16 பங்கு சட்டையும்; 79/64 = 1.23 மடங்கு. 0.3 ஸ்டாப் பனிபோல் ஒரு தடம், யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர் நின்று 8 விநாடி ஃபோன் பேசிவிட்டால் அதே கணக்கு 2.9 மடங்கு, 1.5 ஸ்டாப். ஆவி நிற்கும். அங்கே சராசரி உதவாது, மீடியன் (மதிப்புகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) வேண்டும். மீடியன் கணினியில்தான் நடக்கும்.

விளக்கு வெளிச்சத்தில் மட்டும் ஆவரேஜிங் என்டி ஃபில்டரை வென்றுவிடும். சுவரைவிட 1024 மடங்கு பிரகாசமான முகப்பு விளக்கு ஒரு புள்ளியை ஒரு விநாடி தாண்டினால், 64 விநாடி ஒற்றை எக்ஸ்போஷரில் அந்தப் புள்ளி 17 மடங்கு ஏறும், 4 ஸ்டாப்புக்கு மேல். ஆவரேஜிங்கில் அந்த ஒரு ஃப்ரேம் சென்சாரின் உச்சவரம்போடு நின்றுவிடுகிறது. சுவர் உச்சத்திலிருந்து 6 ஸ்டாப் கீழே இருந்தால் அந்தப் புள்ளி 2 மடங்குதான் ஏறும், ஒரே ஒரு ஸ்டாப். வாகனம் போகும் தெருவின் அந்திப் படத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

எடுக்கும் நேரம்

நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை அணையுங்கள். தொடராக எடுக்கும்போது அது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பின் அதே நீளத்துக்கு ஒரு கறுப்பு ஃப்ரேம் எடுக்க முயன்று தொடரைப் பாதியாக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர், 16 பிட் ரா, மேனுவல் எக்ஸ்போஷர், நிலையான வைட் பேலன்ஸ், தானாக அணையும் நேரம் மிக நீளமாக. ஃபோகஸ்-பை-வயர் (வளையத்தைத் திருகினால் மோட்டார் ஃபோகஸை நகர்த்தும்) லென்ஸ் சில, கேமரா தூங்கி எழுந்தால் ஃபோகஸ் இடத்தை மறந்துவிடும்.

உள்ளமைந்த ஆவரேஜிங்கில் ஃப்ரேமின் ஷட்டர் வேகத்தையும் எண்ணிக்கையையும் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கலாம். தொடராக எடுப்பவர்கள் இன்டர்வல் டைமரைவிடக் கேபிள் ரிலீஸைப் பூட்டி எடுப்பது நல்லது. டைமரின் குறைந்தபட்ச இடைவெளி பெரும்பாலும் 1 விநாடி. 102 மெகாபிக்சலில் சுருக்கப்படாத 16 பிட் ரா ஒன்று ஏறக்குறைய 200 மெகாபைட், 64 ஃப்ரேமுக்கு 13 ஜிகாபைட். இழப்பில்லாச் சுருக்கம் இருந்தால் அதையே போடுங்கள். முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் அங்கேயே 100 சதவீதத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ட்ரைபாடை மடக்க வேண்டும்.

வெயிலில் பத்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. பத்து நிமிடத்தில் 2.5 டிகிரி, நிழல்களின் விளிம்பு ஃபோகஸ் தவறியதுபோல் மங்கும், சுவர் மட்டும் கூர்மையாக இருக்கும். பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது.

கணினியில் சராசரி எடுப்பது

ரா மென்பொருளில் ஒரு ஃப்ரேமைச் சரிசெய்து அந்த அமைப்பை அப்படியே மற்ற எல்லாவற்றுக்கும் நகலெடுங்கள். ஆட்டோ எதுவும் வேண்டாம். ஷார்ப்பனிங், நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டும் பூஜ்யம். சராசரி செய்யப்போகும் வேலையை அவை முன்கூட்டியே பாழாக்கும். 16 பிட் டிஃப் கோப்பாக, அகலமான நிற வெளியில் எழுதுங்கள்.

பிளாக் மட்டம் முக்கியம். கறுப்புக்கு அருகிலுள்ள பிக்சல்களில் நாய்ஸ் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடும். ரா மென்பொருள் பூஜ்யத்துக்குக் கீழே போனதை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது மேல்பாதி மட்டுமே. அவற்றின் சராசரி உண்மையைவிட வெளிச்சமாக, பெரும்பாலும் ஊதாச் சாயலோடு வரும். ஆகவே நிழலைத் தூக்கி, கான்ட்ராஸ்ட் இல்லாத நேர்க்கோட்டு வளைவில் எழுதுங்கள். கான்ட்ராஸ்டைச் சராசரிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபோட்டோஷாப்பில்: ஃபைல், ஸ்கிரிப்ட்ஸ், லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டாக். அலைன் குறியை எடுத்துவிட்டு, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் உருவாக்கும் குறியைப் போடுங்கள். பிறகு லேயர், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ், ஸ்டாக் மோட், மீன் (Mean, அதாவது சராசரி). அஃபினிட்டி ஃபோட்டோவில் நியூ ஸ்டாக் கொடுத்து, முதலில் வரும் மீடியனை மீனாக மாற்றுங்கள்.

102 மெகாபிக்சலில் 16 பிட் லேயர் ஒன்றுக்கு 610 மெகாபைட். 16 லேயருக்கே 10 ஜிகாபைட் நினைவகம் போய்விடும். 64 ஃப்ரேம் என்றால் எட்டு எட்டாகப் பிரித்து எட்டு சராசரி எடுத்து, அந்த எட்டுக்கும் ஒரு சராசரி எடுங்கள். குழுக்கள் சம அளவில் இருக்கும்வரை விடை ஒன்றே. மீடியனுக்கு இது செல்லாது. மீடியன் நாய்ஸைக் குறைப்பதிலும் சற்று மட்டம்: அதே எண்ணிக்கையில் மீனைவிட ஏறக்குறைய 1.25 மடங்கு நாய்ஸ் மிஞ்சும். ஆளை அழிக்க மீடியன், மற்றதெல்லாம் மீன். மீடியனில் ஓடும் நீரும் ஒட்டுப் போட்டதுபோல் வரும், அந்தப் பகுதிக்கு மீன் படத்திலிருந்து மாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.

லேயர் ஒப்பாசிட்டியை 100, 50, 33, 25 என்று குறைத்துக்கொண்டே போகும் பழைய உத்தி பத்து லேயர்வரை சரி. 12வது லேயருக்கு 8.33, 13வதுக்கு 7.69 வேண்டும், இரண்டுக்கும் 8தான் போட முடியும், பிழை சேர்ந்துகொண்டே போகும். 16 ஃப்ரேமை இரண்டிரண்டாக 50 சதவீதத்தில் இணைத்து நான்கு சுற்றில் முடிப்பது துல்லியம்.

இன்னொரு நுணுக்கம், இரவுக் காட்சிக்கும் மின்னும் நீருக்கும் பொருந்துவது. டிஃப் கோப்பில் காமா (இருண்ட மதிப்புகளைத் தூக்கும் வளைவு) ஏறியிருப்பதால் அங்கே எடுக்கும் சராசரி ஒளியின் சராசரி அல்ல. 16 ஃப்ரேமில் ஒன்றில் மட்டும் முழு வெளிச்சம், மற்றவற்றில் கறுப்பு என்றால், ஒளியின் சராசரி திரையில் 28 சதவீத மதிப்பாக வர வேண்டும். காமா ஏறிய சராசரி 6 சதவீதமாகத் தரும். விளக்குத் தடம் இருண்டு போகும். இதற்கு சிரில் போன்ற இலவச வானியல் மென்பொருள் நல்லது: ராவின் நேரியல் மதிப்பையே சராசரி எடுக்கிறது. நார்மலைசேஷனையும் ரிஜெக்ஷனையும் அணைத்துவிடுங்கள். உள்ளமைந்த ஆவரேஜிங் ராவில் நடப்பதால் இந்தத் தொல்லையோ பிளாக் மட்டத் தொல்லையோ அதில் வராது.

சராசரிக் கோப்பைத் திருத்தும்போது

கேப்சர் ஒன் என்ற ரா மென்பொருளில் லூமினன்ஸ் (பிரகாசம்), கலர் நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டும் வழக்கமாக 50இல் நிற்கும். சராசரிக் கோப்பில் குறைக்க நாய்ஸே இல்லை. அந்த 50 நுண்விவரத்தைத்தான் தின்னும். லூமினன்ஸைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ஷார்ப்பனிங்கை வழக்கத்தைவிடத் துணிந்து ஏற்றலாம், டிஃப்ராக்ஷன் கரெக்ஷனையும் போடலாம். ஒற்றை ஃப்ரேமில் இவை நாய்ஸையும் சேர்த்துத் தூக்கும், இங்கே தூக்க அது இல்லை.

கெடும் இடங்கள்

படம் முழுக்க ஒரே மாதிரி மென்மை: ட்ரைபாட் நகர்ந்திருக்கிறது. கணினிவழி எடுத்திருந்தால் ஃப்ரேம்களை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள், நகர்வு தொடங்கிய இடத்தில் வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் சராசரி எடுங்கள்.

ஒரே திசையில் மெல்லிய கீறல்கள்: நகர்ந்த ஃப்ரேம்களை அலைன் செய்ததன் விளைவு. காட்சி ஒன்றாகச் சேர்ந்தது, சென்சாரோடு ஒட்டிய ஹாட் பிக்சல்கள் இழுபட்டுவிட்டன. அலைன் செய்யும் முன்பே ஹாட் பிக்சலை நீக்க வேண்டும். அதே ஷட்டர் வேகத்தில் மூடி போட்டு எடுத்த 16 ஃப்ரேமின் சராசரியைக் கழிப்பது நல்ல வழி.

நிழலை 5 ஸ்டாப் தூக்கியபோது கிடைக்கோட்டுப் பட்டை: தற்செயல் நாய்ஸ் இறங்கியதால் அதுவரை அதற்குள் மறைந்திருந்த சென்சாரின் நிலையான வடிவம் தெரிகிறது. ஃப்ரேமைக் கூட்டினால் இது இன்னும் தெளிவாகத்தான் தெரியும். தொடக்கத்திலேயே 1 ஸ்டாப் கூடுதலாக எக்ஸ்போஸ் செய்வதே நல்ல மருந்து.

மரக்கிளை நுனிகள் இரட்டையாக: ஃப்ரேம் குறைவு. 9க்குப் பதில் 60 எடுத்தால் இரட்டை, சீரான மங்கலாக மாறும். இலை கூர்மையாகவே வேண்டுமென்றால், காற்று ஓய்ந்த கணத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றி ஒற்றை ஃப்ரேம் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை மாஸ்க் வைத்து இணைக்கலாம்.

தொடர் ஓட ஓட ஃப்ரேம்கள் பால்படிந்து வருவது: லென்ஸில் ஈரம். அதிகாலையிலும் நீர்த்திவலை பறக்கும் இடத்திலும் நான்கு நிமிடத் தொடரின் கடைசி நிமிடம் இப்படித்தான் வீணாகும். உள்ளமைந்த ஆவரேஜிங்கில் கெட்ட ஃப்ரேமைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே இத்தகைய இடத்தில் 240 ஃப்ரேமை ஒரே மூச்சில் எடுக்காமல், 60 வீதம் நான்கு கோப்பாக எடுத்து, நடுவே லென்ஸைத் துடையுங்கள். நான்கில் எது தேறுகிறதோ அவற்றைக் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம்.